காக்கை ஒளிப்பதும் உண்டு

காக்கை தன் இரையை மறைக்காது, இனத்தைக் கூவி அழைத்தே உண்ணும் என்று வள்ளுவப் பெருந்தகை கூறியதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். மட்டாஞ்சேரியில் குடியேறித் தலைமுறைகள் ஆன குடும்பங்களிலும் அமாவாசையன்று முதல் கவளம் காக்கைக்கே. (மலையாள அன்பர்கள் அண்டங்காக்கையைப் 'பலிக்காக்கை' என்றே அழைப்பார்கள்.)

படையலை வைத்ததும் உள்ளே போய்விடாமல் சற்று நின்று கவனியுங்கள். வயிறு நிறைந்த காக்கை மிஞ்சிய வடைத் துண்டைக் கவ்விக்கொண்டு பறக்கும். பஜார் ரோட்டுப் பண்டகசாலையின் ஓட்டு இடுக்கில் அதைச் செருகும். மேலே ஒரு சருகை இழுத்து மூடும். பிறகு கழுத்தைச் சாய்த்துச் சுற்றுமுற்றும் பார்க்கும்.

அந்தப் பார்வையில்தான் விஷயம் இருக்கிறது. ஒளித்த உணவுக்கு எலியும் பூனையும் மட்டுமா எதிரி? மறைவிடத்தைப் பார்த்துவிட்ட இன்னொரு காக்கையும்தான்.

காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த 'ஸ்க்ரப் ஜே' என்னும் நீலப் பறவை மேற்கு அமெரிக்காவில் வாழ்கிறது. அதை வைத்து நேதன் எமரி, நிக்கோலா கிளேட்டன் என்னும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் செய்த சோதனை 2001-இல் வெளிவந்தது. ஒரு பறவை புழுக்களை ஒளிக்கும்போது இன்னொன்று பார்க்கும்படி விட்டார்கள். வேறொரு சமயம் தனிமையில் ஒளிக்க விட்டார்கள். பின்னர் தனியாக இருந்தபோது, பிறர் கண்ணெதிரே ஒளித்ததை அது தோண்டியெடுத்துப் புது இடத்துக்கு மாற்றியது. தனிமையில் ஒளித்ததை அவ்வளவாகத் தொடவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படி மாற்றியவை முன்பு தாமே திருடிப் பழகியவை. திருடியறியாத பறவைகள் அநேகமாக மாற்றவேயில்லை!

இவற்றின் தந்திரம் அதோடு நிற்கவில்லை. எதிரி பார்க்கும்போது தொலைவான, நிழலான இடத்தைத் தேடும். கண்ணுக்குத் தெரியாமல் காதால் மட்டும் கேட்கும் தூரத்தில் எதிரி இருந்தால், சலசலக்கும் கூழாங்கல்லை விட்டுச் சத்தமில்லாத மண்ணில் புதைக்கும்.

குளிர்நாட்டுப் பெருங்காக்கையான ரேவனைப் பற்றிய ஆஸ்திரிய ஆய்வு 2016-இல் வந்தது. சுவரில் சிறு துளையைத் திறந்துவைத்து, பின்னால் பதிவுசெய்த ரேவன் குரலை ஒலிக்கவிட்டார்கள். அங்கே பறவை எதுவும் இல்லை. ஆயினும் யாரோ எட்டிப் பார்ப்பதுபோல் எண்ணி அது அவசரமாக ஒளித்தது. துளையை மூடியபோது அந்தப் பதற்றம் இல்லை. இது பிறர் மனத்தை அறியும் அறிவா, வெறும் பழக்கமா என்ற வழக்கு அறிஞர்களிடையே இன்னும் தீரவில்லை.

அதனால் வள்ளுவர் வாக்கு பொய்த்துவிட்டதா என்றால், இல்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காடுகளில் பெர்ன்ட் ஹைன்ரிச் என்னும் அறிஞர் ரேவன்களைப் பல்லாண்டு கவனித்தார். செத்த விலங்கைக் காணும் இளம் ரேவன்கள் கூவித் தம் இனத்தைக் கூட்டுகின்றன. கூட்டமாக வந்தால்தான் அந்த இடத்துக்குச் சொந்தம் கொண்டாடும் மூத்த இணையை மீறி உண்ண முடியும். அப்படிக் கூவி அழைத்த பறவையே, கிடைத்த இறைச்சித் துண்டை மற்றவற்றின் கண்ணில் படாத தூரத்துக்குக் கொண்டுபோய்ப் புதைக்கிறது.