சொல்லாக்கக் குழு விளையாட்டு

சொல்லாக்கக் குழு விளையாட்டு என்பது எழுத்து அட்டைகளை ஏந்திய குழுவினர், இடம் மாறி நின்று சொற்களை அமைக்கும் கூட்டு விளையாட்டு ஆகும். நாட்டு நலப்பணித் திட்டத்தின் 7 நாள் சிறப்பு முகாம், சாரணர் முகாம், கோடை முகாம் போன்றவற்றில் புதியவர்கள் ஒருவரோடு ஒருவர் பழக இது உதவும். இதில் ஒருவரை ஒருவர் வெல்வது நோக்கமன்று. குழுவில் ஒருவரும் விடுபடாமல் சொற்களை அமைப்பதே நோக்கம்.

பின்னணி

எழுத்துகளைக் கொண்டு விளையாடுவது தமிழில் பழைய வழக்கம். தண்டியலங்காரம் கூறும் சித்திரகவி வகைகளுள் எழுத்து வருத்தனம் என்பது, எழுத்தைக் கூட்டக் கூட்டப் புதிய சொல் பிறக்குமாறு பாடுவது. அக்கரச் சுதகம் என்பது எழுத்தைக் குறைத்துக்கொண்டே செல்வது. இவை தனிப் புலவரின் திறமையைக் காட்டுபவை. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஆல்பிரட் பட்ஸ் 1930களில் உருவாக்கிய ஸ்கிராபிளிலும் ஒவ்வொருவரும் தமக்காகவே ஆடுகின்றனர். முகாம் விளையாட்டு இவற்றிலிருந்து வேறுபட்டது. இதில் ஒருவர் மட்டும் தனியாகச் சொல்லை அமைக்க முடியாது.

தமிழுக்கு ஏற்ற அட்டைகள்

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துகள் 247. எல்லாவற்றுக்கும் அட்டை செய்தால் பெரும்பாலானவை பயன்படாமல் கிடக்கும். உயிர்மெய்யை உயிராகவும் மெய்யாகவும் பிரித்து எழுதுவதே எளிய வழி. 'க்' அட்டை வைத்திருப்பவரும் 'உ' அட்டை வைத்திருப்பவரும் சேர்ந்து நின்றால்தான் 'கு' கிடைக்கும். ஓர் எழுத்துக்கே இருவர் தேவைப்படுவதால் ஒத்துழைப்பு முதல் அடியிலேயே தொடங்கிவிடுகிறது.

எடுத்துக்காட்டு: திருமுக்கூடல்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகள் கூடும் ஊர் திருமுக்கூடல். இங்குள்ள பெருமாள் கோயிலின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வீரராசேந்திர சோழன் காலத்தில் இங்கு இயங்கிய கல்விச்சாலை, மாணவர் விடுதி, மருத்துவமனை ஆகியவற்றைப் பற்றிக் கூறுகிறது. மூன்று, கூடல் என்னும் சொற்கள் சேர்ந்து 'முக்கூடல்' ஆனதால் ஊர்ப்பெயரே ஒரு சொல்லாக்கம்தான்.

இப்பெயரில் 7 எழுத்துகள் உள்ளன. அவற்றை அப்படியே அட்டைகளாக்கினால் திரு, திடல், கூடல் போன்ற சில சொற்களே கிடைக்கும். பிரித்தால் த், ர், ம், க், க், ட், ல் என 7 மெய்களும், இ, உ, உ, ஊ, அ என 5 உயிர்களும் வரும். இப்போது கதிர், மதில், உடல், தூரம் என்று சொற்கள் பெருகும். ஆனால் 'கதிர்' அமைந்தவுடன் அ, இ இரண்டும் தீர்ந்துவிடும், மீதமுள்ளோர் தவிப்பர். குடம், துகில், ஊர் என்று அமைத்தால் 12 பேரும் இடம்பெறுவர். முதல், கூர், குடி என்பது மற்றொரு விடை.

விளையாடும் முறை

1. பன்னிருவருக்கும் ஆளுக்கோர் அட்டை தரப்படும்.
2. பத்து நிமிடங்களில் எல்லா அட்டைகளையும் பயன்படுத்திச் சொற்கள் அமைக்க வேண்டும்.
3. சொற்களின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் இல்லை. மீந்து நிற்போர் குறையக் குறையக் குழு இலக்கை நெருங்குகிறது.
4. அடுத்த சுற்றில் பேசாமல், சைகையால் மட்டும் அமைக்கச் சொல்லலாம்.

உதவும் இலக்கணம்

ட், ண், ர், ல், ழ், ள், ற், ன் ஆகிய எட்டு மெய்களும் உயிரோடு சேர்ந்தும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்கள் சொல்லின் இறுதியில் நிற்பதில்லை. இவ்விரண்டு விதிகளையும் அறிந்த குழு, யார் முன்னால் நிற்பது, யார் கடைசியில் நிற்பது என்பதை விரைவில் முடிவு செய்யும்.

கவனிக்க வேண்டியவை

நன்றாகப் படிக்கும் ஒருவரே எல்லாரையும் இழுத்து நிறுத்தினால் விளையாட்டின் பயன் கெடும். அதனால் தம் அட்டை சேரும் சொல்லை அவரவரே உரக்கப் படிக்குமாறு விதி வைக்கலாம். வாசிப்பில் பின்தங்கிய மாணவருக்கு 'ஊ' போன்ற ஒற்றை அட்டையைத் தருவது நல்லது. அந்த நெடில் இல்லாமல் 'ஊர்' இல்லை என்பதால் குழுவே அவரைத் தேடி வரும்.