பழைய ஆளிகளும் நிலைபொருட் படிமமும்

வவுனியா வளாகம் 2021 ஆகத்து 1 ஆந் திகதி தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் நடைபெறுகின்றது. இவ்வாறு உயர்கல்வி வேரூன்றும் வன்னிப் பெருநிலத்திலே, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஆளி என்னுங் கருவியின் இயல்பை அறிதல் பயனுடைத்து. புதிய ஆளிகள் விலை மிக்கன. ஆதலின், பெருநிறுவனங்கள் கழித்த பழையனவற்றைப் பேணிப் பயன்கொள்ளுதல் சிறு பாடசாலைகளுக்கு ஏற்ற வழியாகும்.

ஆளியை இயக்கும் உள்ளார்ந்த மென்பொருளே நிலைபொருள். அஃது ஒரே கோப்பாக அமைந்தவிடத்துப் படிமம் எனப்படும். சிஸ்கோ நிறுவனத்தின் கற்றலிஸ்ட் 2960 ஆளியிலே, 32 மெகாபைற்றுப் பிளாஷ் நினைவகத்தில் அது தங்கும். படிமத்தின் பெயரே அதன் இயல்பை உணர்த்தும். முதற்பகுதி ஆளியின் வகையையும், அடுத்தது வசதித் தொகுதியையும் சுட்டும். 'கே9' என்பது வலிய மறைகுறியாக்கம் உண்டென்பதையும், 'எம்' முதன்மை நினைவகத்தில் இயங்குதலையும், 'இசெட்' சுருக்கப்பட்ட நிலையையும் குறிக்கும். ஈற்றில் வெளியீட்டெண் நிற்கும்.

படிமத்தை மாற்றுவது எதற்கு? 2018 ஏப்பிரலில், 'ஸ்மார்ட் இன்ஸ்டால்' என்னும் வசதியைத் தீயோர் பயன்படுத்தியமையால், ஈரானில் மாத்திரம் ஏறக்குறைய 3,500 ஆளிகள் தாக்குண்டன என அந்நாட்டரசு அறிவித்தது. திருத்திய படிமமோ முந்திய மாதமே வெளிவந்திருந்தது.

மாற்றும் முறை வருமாறு: முதலில் நினைவகத்தின் வெற்றிடத்தை அளத்தல் வேண்டும். அடுத்துப் பழைய படிமத்தைக் கணினியொன்றிற் படியெடுத்துக் காத்தல் வேண்டும். பின்னர், தயாரித்தோரிடம் பெற்ற புதிய படிமத்தை ரி.எப்.ரி.பி. என்னும் எளிய நெறிமுறையால் ஆளிக்கு அனுப்பலாம். இதற்குக் கடவுச்சொல் இன்மையின் உள்வலையில் மாத்திரம் கையாளத்தக்கது. தயாரித்தோர் வெளியிட்ட சரிபார்ப்பு எண்ணும் ஆளி கணித்துக் காட்டும் எண்ணும் ஒத்த பின்னரே, புதிய படிமத்தைத் தொடக்கக் கோப்பாகக் குறித்து ஆளியை மீளத் தொடக்குதல் வேண்டும்.

பழையதை முன்னரே அழித்தபின் மின்சாரம் தடைப்படின், ஆளியில் எஞ்சுவது தொடக்கநிரல் ஒன்றே. அப்பொழுது கட்டுப்பாட்டு வடத்தின் வழியே எக்ஸ்மோடெம் முறையால் படிமத்தை ஊட்டலாம். செக்கனுக்கு 9,600 பிற்று வேகத்திலே, ஒரு கோடி பைற்றுக் கொண்ட கோப்பு ஏறக்குறைய மூன்று மணிநேரம் கொள்ளும்; வேகத்தை 115,200 ஆக்கினால் கால் மணிநேரம் போதும்.

கற்றலிஸ்ட் 2950 போன்றவற்றின் 8 மெகாபைற்று நினைவகத்தில் இரு படிமங்களுக்கு இடம் போதாதிருத்தல் கூடும். ஆண்டுக் கணினிப்படியும் மின்கலத் துணையும் இன்றித் தொடங்கலாகாது. இடமுள்ளவிடத்து, புதியது இயங்கிக் காட்டும்வரை பழையதை அழியாது வைத்தலே இப்பணியின் முதல் விதியாகும்.