ஆங்கிலங் கற்பித்தலும் ஆசிரியர்தம் செயலாராய்ச்சியும்

பிணியாளனின் நாடியைத் தொட்டுப் பாராது மருந்தீயும் மருத்துவனை எவரும் போற்றார். ஆயினும், ஆங்கில வகுப்பிலே மாணாக்கர் வாய் திறவாதிருக்குங்கால், அதன் காரணத்தை ஆராயாது, அவர்களை மந்தபுத்தியுடையர் எனத் துணிந்துவிடுதல் பல பாடசாலைகளிற் காணப்படும் வழக்கமாகும். அத்துணிபு தவறாயின், அதனாற் கெடுவது ஒரு பாடம் மட்டுமன்று. ஒரு பிள்ளையின் தன்னம்பிக்கையுமாம். இக்கேட்டினைத் தவிர்த்தற்கு ஆசிரியர் கைக்கொள்ளத்தக்க வழிகளுள் ஒன்றே செயலாராய்ச்சி.

செயலாராய்ச்சியாவது, ஆசிரியர் தம் வகுப்பில் எழுந்த ஓர் இடர்ப்பாட்டைத் தாமே இனங்கண்டு, அதனை நீக்குதற்கு ஒரு மாற்றஞ் செய்து, விளைவை முறையாகக் குறித்து, அக்குறிப்பின்வழித் தம் போதனையைத் திருத்திக்கொள்ளுதலாகும். ஜேர்மனியிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய உளவியலறிஞர் கேர்ட் லெவின் 1946 ஆம் ஆண்டில், சமூகப் பிரச்சினைகளைத் தீர்த்தல் குறித்து இம்முறையை விளக்கினார். கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சார்ந்த ஸ்ரீபன் கோறி 1953 இல் இதனைப் பாடசாலைக்கு ஏற்புடையதாக்கி ஒரு நூல் எழுதினார். இங்கிலாந்தில் லோறன்ஸ் ஸ்ரென்ஹவுஸ் 1975 இல் வெளியிட்ட நூலில், வகுப்பறையைப் பிறர் ஆராய்தல் போதாது, ஆசிரியரும் ஆராய்ச்சியாளராதல் வேண்டும் என வலியுறுத்தினார். அவுஸ்திரேலியாவிற் குடியேறிய வளர்ந்தோர்க்கு ஆங்கிலம் போதித்த ஆசிரியர்கள் கூடிச்செய்த ஆராய்ச்சிகளை ஆதாரமாகக் கொண்டு, ஆன் பேர்ண்ஸ் என்பார் 1999 இல் ஒரு நூலை வெளியிட்டார்.

பெயர் தோன்றுமுன்னரே இம்மனப்பான்மை ஓரளவு நிலவியதென்பதற்கு மைக்கேல் வெஸ்ட் சான்றாவர். வங்காளத்திலே கல்விப்பணி புரிந்த அவர், அங்குள்ள மாணாக்கரின் ஆங்கில வாசிப்பை நேரிற் சோதித்து, அவர்க்கு முதற்கண் வேண்டுவது வாசிப்பாற்றலே எனக் கண்டார்; தம் முடிபுகளை 1926 இல் நூலாக்கினார். சொற்களை அளவறிந்து புகுத்தும் அவர்தம் வாசிப்பு நூல்கள் இவ்வாராய்ச்சியின் பயனேயாம்.

இம்முறை நான்கு படிகளையுடையது: திட்டமிடல், செயற்படல், அவதானித்தல், மீளநோக்கல் என்பன. எட்டாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் வினா எழுப்பும்போதெல்லாம் முன்வாங்கிலிருக்கும் இருவர் மூவரே விடை பகர்கின்றனர் எனக் கொள்க. அவர் ஊகத்தை நம்பாது, சக ஆசிரியர் ஒருவரை வகுப்பில் இருத்தி, விடையிறுத்தவர் யாவர், வினவியபின் தாம் காத்திருந்த நேரம் எவ்வளவு என்பவற்றைக் குறிப்பிக்கின்றார். அமெரிக்க விஞ்ஞான வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் றோ, ஆசிரியர் பெரும்பாலும் ஒரு செக்கனளவே காத்திருப்பதையும், அது மூன்று செக்கனாயின் விடைகள் நீண்டு செறிவுறுவதையும் கண்டார். பிறமொழியிற் சிந்தித்து விடையளிக்க வேண்டிய பிள்ளைக்கு அவகாசம் இன்னும் இன்றியமையாததன்றோ? ஆதலின் அவ்வாசிரியர், மூன்று வார காலம், வினவியபின் சற்றே காத்திருந்து, பக்கத்திலிருப்பவனோடு விடையைப் பேசிப்பார்க்கவும் இடமளிக்கின்றார். பின்வாங்கிலிருப்போர் பேசத் தொடங்கினும் ஒற்றைச் சொல்லாலேயே விடையளிப்பராயின், ஆம், இல்லை என்னும் விடைகளையே வேண்டிநிற்கும் தம் வினாக்களே குறையுடையன என்பது அவர்க்குப் புலனாகும். அடுத்த ஆராய்ச்சி அங்கே தொடங்கும்.

இம்முறைக்கு எல்லையுமுண்டு. ஒரு வகுப்பிற் கண்டது எல்லா வகுப்புக்கும் விதியாகாது. பல மாற்றங்களை ஒருங்கே புகுத்தின் எதனால் எது விளைந்ததெனத் துணிதல் அரிது. தோல்வியை மறைத்து வெற்றியை மட்டும் எழுதுவது ஆராய்ச்சியன்று. மேலதிகாரிகளின் கட்டளைக்காகப் படிவம் நிரப்பும் சடங்காக இது மாறுமேல், ஏற்கெனவே வேலைப்பளுவால் நலியும் ஆசிரியர்க்குப் பின்னுமொரு சுமையாகவே முடியும்.

ஆயினும், ஒரு குறிப்புப் புத்தகமும், நம்பிக்கைக்குரிய ஒரு நண்பரும், தம் பிழையைக் காணும் துணிவும் இருப்பின் இவ்வாராய்ச்சியைத் தொடங்கலாம். மாணாக்கன் ஏன் கற்கவில்லை என்னும் வினாவோடு, தாம் எவ்வாறு கற்பித்தோம் என்னும் வினாவையும் ஆசிரியர் எழுப்புதல் வேண்டும். அன்றே பின்வாங்கிலிருக்கும் பிள்ளையின் மௌனத்துக்குப் பொருள் விளங்கும்.