கால் வைத்தியர் போர்டு: பதியாமல் மாட்டினால் வழக்கு!
"காலுக்கு வைத்தியம் பார்க்கவும் லைசென்சா?" என்று சிரிக்க வேண்டாம். பிரிட்டனில் அதுதான் சட்டம்!

பாத சிகிச்சை செய்பவருக்கு அங்கே "பொடியாட்ரிஸ்ட்" என்று பெயர். "கைரோபொடிஸ்ட்" என்பது பழைய பெயர். எதைப் போர்டில் எழுதினாலும் சுகாதார, பராமரிப்புத் தொழில் கவுன்சிலில் பதிந்திருக்கணும். பதியாமல் ஊரை ஏமாற்றினால் கோர்ட்டு, அபராதம்!

புதிதாக வருகிறவர் கவுன்சில் ஒப்புக்கொண்ட படிப்பை முடிக்கணும். பட்டப்படிப்பு என்றால் பெரும்பாலும் 3 வருஷம். பிறகு மனு, கட்டணம். 2 வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கணும்.

சட்டத்தில் ஓட்டை!

சட்டம் காப்பது பெயரை மட்டும்தான், வேலையை அல்ல. "ஃபுட் ஹெல்த் பிராக்டிஷனர்" என்று போட்டுக்கொண்டு, கவுன்சிலில் பதியாதவரும் தொழில் நடத்தலாம்.

நகம் வெட்ட, கால் ஆணி செதுக்க அவர் போதும் என்று பலர் போகிறார்கள். சர்க்கரை வியாதிக்காரர் கதை வேறு! கால் மரத்திருந்தால் காயம் பட்டதே தெரியாது. புண் முற்றினால் காலையே எடுக்க நேரிடும்.

எனவே, காலை நீட்டும் முன் வைத்தியரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்கணும். கவுன்சிலின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். காசு கிடையாது!