பாறையும் பாதையும் (9): பிளவு சாயும் திசை

வேடசந்தூர்ச் சமவெளியை வடக்கே ரங்கமலையும், கிழக்கே கடவூர் மலைகளும், தெற்கே திண்டுக்கல்லுக்கு அப்பால் சிறுமலையும் சூழ்ந்திருக்கின்றன. இவற்றில் காணப்படும் நைஸ், குவார்ட்சைட், சார்னோக்கைட் ஆகியவை பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஆளாகி உருமாறிய, மிகக் கடினமான பாறைகள். சிதையாத சார்னோக்கைட்டில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு சாதாரணமாக ஒரு டன்னுக்கு மேற்பட்ட சுமையைத் தாங்கும். அதன் ஒரு கன மீட்டர் எடையோ ஏறத்தாழ 2.7 டன்தான். இவ்விரு எண்களைக் கொண்டு கணக்கிட்டால், நொறுங்காமல் தன் எடையைத் தானே தாங்கி நிற்கக்கூடிய பாறைத்தூணின் உயரம் மூன்றரை கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அப்படியிருக்க, மலைப்பாதைக்காகப் பத்து மீட்டர் உயரத்துக்கு வெட்டப்பட்ட பாறைமுகம் ஓர் இரவு மழையில் சாலைக்கு இறங்கிவிடுவது எதனால்?

மலை ஒரே கல்லாக இல்லாததே காரணம். பூமிக்குள் குளிர்ந்தபோதும், நிலமேலோட்டின் அசைவுகளில் நெரிபட்டபோதும், மேலிருந்த சுமை அரித்துச் செல்லப்பட்டு அழுத்தம் தளர்ந்தபோதும் பாறைக்குள் விரிசல்கள் உண்டாகின்றன. தட்டையாக நீண்டு செல்லும் இவ்விரிசல்களைப் பிளவுத்தளங்கள் எனலாம். திண்டுக்கல் மலைக்கோட்டை அமைந்துள்ளதைப் போன்ற மொட்டைப் பாறைக்குன்றுகளில் மேற்பரப்புக்கு இணையாக ஏடு ஏடாகப் பெயரும் பிளவுகள் இந்த அழுத்தத் தளர்ச்சியால் விளைபவை. ஆகவே பாறைமுகத்தை ஆராயும் பொறியாளர் கல்லின் வலிமையைச் சோதனைக்கூடத்தில் அறிவதற்கு முன்பே, காம்பஸும் கிளினோமீட்டரும் கொண்டு ஒவ்வொரு பிளவும் எத்திசையில், எத்தனை பாகை சாய்ந்துள்ளது என்பதை அளந்து குறிக்கத் தொடங்குகிறார்.

பிளவு இருப்பதே ஆபத்தாகிவிடாது. அது பாறைமுகம் நோக்கும் திசையிலேயே, ஏறக்குறைய 20 பாகை வித்தியாசத்துக்குள், சாய்ந்திருக்க வேண்டும்; முகத்தைவிடக் குறைந்த சரிவுடன், முகத்தில் வெளியே தலைகாட்ட வேண்டும்; அதன் சரிவு உராய்வுக் கோணத்தைவிட மிகுந்திருக்கவும் வேண்டும். உராய்வுக் கோணம் என்பது ஒரு கல்லின்மேல் மற்றொரு கல் வழுக்கத் தொடங்கும் சாய்வு. இத்தகைய பாறைகளில் அது பெரும்பாலும் 30 முதல் 40 பாகைக்குள் அமையும். மூன்று நிபந்தனைகளும் கூடினால் தளச் சறுக்கல் நிகழலாம். இரண்டு பிளவுகள் குறுக்கிட்டு முகத்தை நோக்கிச் சரியும் கோட்டில் சந்தித்தால், பூசணியில் கீறிய பத்தையைப் போல இடையிலுள்ள கட்டி நழுவும். இது ஆப்புச் சறுக்கல். செங்குத்தான பிளவுகள் மலைக்குள் சாய்ந்திருந்தால் பாறைப்பலகைகள் முன்னோக்கிக் கவிழக்கூடும்.

பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட சிறுமலைச் சாலை போன்ற பாதைகளில் இதன் விளைவு தெளிவாகப் புலப்படும். மலையின் பிளவுத்தொகுதி ஒன்று வடகிழக்காகச் சாய்வதாகக் கொள்வோம். சாலை வளைந்து வளைந்து ஏறும்போது வெட்டுமுகம் நோக்கும் திசை மாறிக்கொண்டே போகிறது, பிளவின் திசையோ மாறுவதில்லை. எனவே ஒரு வளைவில் எத்தீங்கும் செய்யாத அதே பிளவு, நூறு மீட்டர் தாண்டி அடுத்த வளைவில் கட்டிகளைச் சாலைக்கு அனுப்பும். முழுப் பாதைக்கும் ஒரே சரிவு, ஒரே தடுப்புச்சுவர் என வரைபடம் போடும் வழக்கம் எளிமையால் நீடிக்கிறதே தவிர, பாறையியலில் அதற்கு ஆதாரமில்லை.

நீரும் ஒட்டுறவும் இல்லாத தளத்தில் பாதுகாப்புக் காரணி, அதாவது தடுக்கும் விசைக்கும் தள்ளும் விசைக்கும் உள்ள விகிதம், உராய்வுக் கோணத்தின் டேன்ஜன்டைச் சாய்வுக் கோணத்தின் டேன்ஜன்டால் வகுத்துக் கிடைப்பது. உராய்வுக் கோணம் 35 பாகை எனில், 30 பாகை சாய்ந்த தளத்தில் அது 1.21, 40 பாகையில் 0.83. ஒன்றுக்குக் கீழே போனால் கட்டி நிற்காது. மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் கனமுள்ள கட்டி ஏறத்தாழ 48.6 டன்; 40 பாகைத் தளத்தில் அதைக் கீழே தள்ளும் விசை 31 டன், உராய்வு தடுப்பது 26 டன். காரணியை 1.5 ஆக உயர்த்த மேலும் 21 டன் தேவை. 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள உயர்வலிமை எஃகுக் கம்பியைப் பிளவைத் தாண்டி உட்பாறைவரை துளையிட்டுச் செருகி, சிமென்ட் குழம்பால் பிடிப்பித்தால், பாதுகாப்பாக 12 டன் வரை இழுவிசை தரும். இது பாறை ஆணி எனப்படும். விசை முழுவதும் சறுக்கலுக்கு எதிர்த்திசையில் கிடைக்குமாயின் இரண்டு ஆணிகள் போதும். ஆணியின் கோணம் பிழைத்தால் நான்கும் போதாது.

மழை இக்கணக்கைக் குலைக்கிறது. கட்டியின் பின்னால் மூன்று மீட்டர் ஆழ விரிசல் நீரால் நிரம்பினால், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நாலரை டன் உந்துவிசை சேரும். விரிசல் மயிரிழை அகலமாயினும் முழ அகலமாயினும் அழுத்தம் ஒன்றே. நீரின் ஆழமே அதைத் தீர்மானிக்கிறது. ஆகையால் முகத்தில் உள்நோக்கிச் சற்றே மேலேறும் வடிகால் துளைகளை இடுவது எஃகைவிட மலிவானதும் பல இடங்களில் பயன்மிக்கதுமான சிகிச்சை. துளையிடாமல் முகம் முழுவதும் ஷாட்கிரீட், அதாவது அழுத்தத்தில் பீய்ச்சப்படும் கான்கிரீட், பூசினால் பார்வைக்கு ஒழுங்காகத் தெரியும். உள்ளே நீர் தேங்கிக் கேடே விளையும்.

வெட்டும் முறைக்கும் பங்குண்டு. ஸ்பெயின் நாட்டு ரொமானா 1985இல் வகுத்த மதிப்பெண் முறை பாறைத்திரளின் தரத்துக்கு நூறுவரை மதிப்பெண் அளித்து, பிளவின் திசை பாதகமாக இருந்தால் அறுபதுவரை கழிக்கிறது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 13365இன் மூன்றாம் பகுதியும் (1997) இவ்வழியைப் பின்பற்றுகிறது. அதில், இறுதிக்கோட்டை ஒட்டி நெருக்கமாகத் துளையிட்டு, குறைந்த மருந்தால் முன்கூட்டியே பிளந்து வெட்டிய முகத்துக்குப் பத்து மதிப்பெண் கூடும். தாறுமாறாக வெடிவைத்த முகத்துக்கு எட்டு குறையும். இப்பதினெட்டு மதிப்பெண் வித்தியாசத்தை உண்டாக்குவது மலையல்ல, ஒப்பந்ததாரரின் துளைக்கருவியே.

கல்குவாரிகளிலும் இதுவே நிலை. 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் பக்கங்களைப் படிப்படியாக வெட்டவும், பொதுவாக ஒரு படியின் உயரம் ஆறு மீட்டரைத் தாண்டாமலிருக்கவும் கோருகின்றன. திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளம் குவாரியில் 2022 மே மாதம் பாறை சரிந்து அறுவர் சிக்கி, நால்வர் உயிரிழந்தது, ஆழ்ந்த குழியில் உயர்ந்த பாறைமுகத்தின் அடியில் நிற்பதன் அபாயத்தைக் காட்டிற்று.

எல்லாப் பாறைவிழுதலும் பிளவுத்தளக் கணக்குக்குள் அடங்குவதில்லை. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் எழுவரைப் பலிகொண்ட சரிவில் மண்ணும் உருண்டைப் பாறைகளும் சேர்ந்தே இறங்கின. சிதைந்த மண்ணில் புதைந்து நிற்கும் இத்தகைய பாறைகளை விடுவிப்பது மண் இளகுவதே என்பதால், அங்கே மண்ணின் வலிமையையும் நீரோட்டத்தையும் ஆராய வேண்டும். விழுவதை வழியில் தாங்கும் எஃகு வலைவேலிகளையும் எண்ண வேண்டும்.

அமைத்த சாதனங்கள் தாமாகவே நிலைத்துவிடுவதுமில்லை. ஆணித்தலைகள் துருப்பிடிக்கும், இறுக்கிய இழுவிசை காலப்போக்கில் தளரும், வடிகால் துளைகளை வேரும் வண்டலும் அடைக்கும். ஆகவே வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமுன் துளைகளைக் கழுவிச் சோதிப்பதும், விரிசல்களின் குறுக்கே பதித்த அளவுக்குறிகளைப் பார்த்து நகர்வைப் பதிவதும் பராமரிப்புப் பட்டியலில் இடம்பெற வேண்டியவை. 2003 ஜூன் 22 அன்று வைபவ்வாடி அருகே ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த விபத்துக்குப் பின் கொங்கண் ரயில்வே தன் வெட்டுமுகங்களில் மேற்கொண்ட பணிகள் அடுத்த இதழில் இடம்பெறும்.