பட்டாசு ஆலைக் காவல்: சொந்தக் காவலாளரும் முகமைக் காவலாளரும்

ஒரு நிறுவனம் தன் வளாகத்தைக் காக்கும் ஆட்களைத் தானே அமர்த்தி, தன் ஊதியப் பட்டியலில் வைத்துக்கொள்வது சொந்தக் காவல். உரிமம் பெற்ற தனியார் பாதுகாப்பு முகமையிடம் மாதக் கட்டணத்துக்கு அந்தப் பணியை ஒப்படைப்பது வெளி ஒப்பந்தக் காவல். பேச்சு வழக்கில் முதல் வகையினர் பெரும்பாலும் ‘வாட்ச்மேன்’, இரண்டாம் வகையினர் ‘செக்யூரிட்டி’. துணிக்கடை, வங்கி, கல்லூரி போன்ற இடங்களில் இரண்டில் எது என்ற கேள்வி செலவுக் கணக்கில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். பட்டாசு ஆலையில் அப்படி முடிவதில்லை. விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டத்திலுள்ள தாயில்பட்டியும், அதைச் சுற்றிச் சிவகாசி, சாத்தூர் வரை பரவியுள்ள ஆலைகளும் இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்க வைக்கின்றன.

வாசலில் நடக்கும் வேலை

பட்டாசு ஆலையின் காவலாளர் செய்வது ஒரு வேலை அல்ல, இரண்டு. ஒன்று எல்லா ஆலைகளுக்கும் பொதுவானது: திருட்டு நடக்காமல் பார்ப்பது, சரக்கு வண்டிகளைப் பதிவு செய்வது, இரவில் சுற்றி வருவது. மற்றொன்று இந்தத் தொழிலுக்கே உரியது. உள்ளே நுழைபவரிடம் தீப்பெட்டி, பீடி, கைபேசி இல்லை என்று உறுதி செய்வது, 18 வயது நிரம்பாதவரையும் குடித்துவிட்டு வருபவரையும் திருப்பி அனுப்புவது, எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை எந்த நேரத்திலும் சொல்லக்கூடிய நிலையில் இருப்பது ஆகியவை இதில் அடங்கும். அறைகள் ஒன்றிலிருந்து ஒன்று இடைவெளி விட்டுக் கட்டப்படுவதும், ஓர் அறையில் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று வரம்பு வைக்கப்படுவதும் விபத்து நேர்ந்தால் அது ஓர் அறையோடு நிற்கவேண்டும் என்பதற்காகத்தான். வாசலில் கூடுதலாக 20 பேரை விட்டால் அந்த ஏற்பாடு முழுவதும் பொருளற்றுப் போகும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்து இதற்குக் கொடிய சான்று. அதில் ஏறத்தாழ 40 பேர் இறந்தனர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவுவதற்காகவும் வேடிக்கை பார்க்கவும் ஓடிவந்த வெளியாட்கள் பலர், அடுத்தடுத்து நிகழ்ந்த வெடிப்புகளில் சிக்கி இறந்தவர்களில் அடங்குவர். விபத்து நேரத்தில் கூட்டத்தை வெளியே நிறுத்துவது தீயணைப்பு வண்டி வரும்வரை காவலாளரின் கையில்தான் இருக்கிறது. ஊரே ஓடிவரும்போது ஒருவர் மட்டும் வாசலை அடைத்து நிற்பது எளிய காரியம் அன்று. அதற்குப் பயிற்சியும் வேண்டும், அவர் சொல்லுக்கு ஊரில் மதிப்பும் வேண்டும். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அரிது என்பதில்தான் சொந்தக் காவலா, முகமைக் காவலா என்ற சிக்கல் தொடங்குகிறது.

வெளியே போகும் பொருளும் கவனிக்க வேண்டியதே. குடியிருப்பு வீடுகளில் சட்டவிரோதமாகப் பட்டாசு செய்வது இந்தப் பகுதியின் தீராத ஆபத்து. 2021 ஜூனில் தாயில்பட்டியிலேயே ஒரு வீட்டில் வெடி வெடித்து உயிர்கள் போயின. எந்த ஆலையிலிருந்தாவது அலுமினியத் தூளோ, திரியோ, பாதி முடிந்த சரக்கோ கணக்கில்லாமல் வெளியேறினால், ஆலைக்கு அது சில ஆயிரம் ரூபாய் இழப்பு. அது போய்ச் சேரும் வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ அப்படியல்ல.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

தனியார் முகமைகளை 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் (ஒழுங்குமுறை) சட்டம் கட்டுப்படுத்துகிறது. முகமைக்கு மாநில அரசின் கட்டுப்பாட்டு அலுவலர் வழங்கும் உரிமம் வேண்டும். காவலாளர் 18 முதல் 65 வயதுக்குள் இருக்கவேண்டும், அவருடைய முன்வரலாறு சரிபார்க்கப்பட வேண்டும். மத்திய அரசின் மாதிரி விதிகள் 100 மணிநேர வகுப்பறைப் பயிற்சியையும் 60 மணிநேரக் களப் பயிற்சியையும் குறிப்பிடுகின்றன. முன்னாள் படைவீரருக்கும் முன்னாள் காவலருக்கும் இது குறைவு.

இந்தச் சட்டம் பாதுகாப்பைத் தொழிலாக நடத்தும் முகமைகளுக்கு மட்டுமே பொருந்தும். தன் வளாகத்துக்குத் தானே ஆள் வைக்கும் ஆலைக்குப் பொருந்தாது. ஆகவே சொந்தக் காவலாளர் ஒரு மணிநேரப் பயிற்சிகூட இல்லாமல் வாசலில் உட்காரலாம், இந்தச் சட்டத்தில் அதற்குத் தடையில்லை. மறுபுறம், முகமை தரும் 160 மணிநேரப் பயிற்சியில் வெடிமருந்து பற்றிய பாடம் போதிய அளவு இருக்கும் என்று நம்பவும் இடமில்லை. வணிக வளாகத்தில் தீ அணைக்கத் தெரிந்த ஒருவர், அலுமினியத் தூள் கலந்த மருந்தில் தண்ணீர் பட்டால் சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதை யாராவது சொன்னால்தான் அறிவார். முதல் நாளில் அதைச் சொல்லவேண்டிய கடமை ஆலையுடையது.

ஆலை மீதான பொறுப்பு 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தையும் 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளையும் சார்ந்தது. மருந்தின் அளவுக்கேற்ப உரிமம் வழங்கும் அதிகாரி மாறுவார். அதனால்தான் இங்குள்ளோர் ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’, ‘சென்னை லைசென்ஸ்’, ‘நாக்பூர் லைசென்ஸ்’ என்று ஆலைகளைப் பிரித்துச் சொல்கிறார்கள் (வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் தலைமையகம் நாக்பூரில் உள்ளது). எந்த உரிமமானாலும் அது உரிமதாரரின் பெயரில் இருக்கிறது. காவலை முகமைக்குக் கொடுத்ததால் வெடிபொருள் காணாமல் போனதற்கோ அனுமதியில்லாதவர் உள்ளே இருந்ததற்கோ உரிமதாரர் பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது. கொடுக்கப்படுவது வேலை மட்டுமே.

தொழிலாளர் சட்டமும் இதே திசையில்தான் செல்கிறது. ஒப்பந்தக்காரர் ஊதியம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தரவேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் கூறியது. அந்தச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 1976 டிசம்பரில், தன் வரம்புக்குட்பட்ட நிறுவனங்களில் கட்டடங்களைத் துப்புரவு செய்வதற்கும் காவல் காப்பதற்கும் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக்கூடாது என அறிவித்தது. காவல் ஆண்டு முழுவதும் தேவைப்படும் வேலை, அதை நிரந்தர ஊழியரே செய்யவேண்டும் என்பதே அதன் அடிப்படை. 2001 ஆகஸ்டில் இந்திய உருக்கு ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. ஒப்பந்தமுறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார் என்றும் கூறியது. 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ காவல் பணியை நிறுவனத்தின் மையப் பணிகளிலிருந்து விலக்கியே வைக்கிறது. ஐம்பது ஆண்டுகளில் சட்டம் எதிர்ப்பக்கம் வந்துவிட்டது. துணிக்கடைக்கு இந்த வகைப்பாடு பொருந்தலாம். வெடிமருந்து வைத்திருக்கும் இடத்தில் வாசல் காவலை மையப் பணி அல்ல என்பது, என் பார்வையில், காகிதத்தில் மட்டுமே சரியாகும்.

செலவு

ஒரு வாசலுக்கு வாரம் முழுவதும் இரவும் பகலும் ஆள் வேண்டுமானால் 168 மணிநேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணிநேரம் வேலை செய்தால் மூன்றரை பேர், விடுப்பையும் சேர்த்தால் 4 பேர். நடைமுறையில் பல இடங்களில் 12 மணிநேர முறை வைத்து 2 பேரோடு முடித்துக்கொள்கிறார்கள். விடியற்காலை 4 மணிக்குக் கண்விழித்திருக்கும் ஆள் வேண்டுமென்றால் அந்தச் சிக்கனம் உதவாது.

ஊதியம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வருங்கால வைப்பு நிதிக்கு வேலையளிப்பவர் பங்கும் நிர்வாகக் கட்டணங்களும் 13 ரூபாய், ஈ.எஸ்.ஐ. 3.25 ரூபாய், குறைந்தபட்சப் போனஸ் 8.33 ரூபாய். விடுப்புச் சம்பளம், சீருடை எல்லாம் சேர்ப்பதற்கு முன்பே கணக்கு 124 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. முகமை வழியாக வந்தால் இதன்மேல் அதன் சேவைக் கட்டணமும் 18 சதவீதச் சரக்கு மற்றும் சேவை வரியும் சேரும். குறைந்தபட்ச ஊதியத்தை 100 என்று கொண்டு, ஒரு முகமை 115-க்கு ஆள் தருவதாகச் சொன்னால், வைப்பு நிதியோ போனஸோ ஊதியமோ ஏதோ ஒன்று காவலாளரின் பையிலிருந்து எடுக்கப்படுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட ஆள் மூன்று மாதத்தில் வேறு இடம் பார்த்துப் போவார், வாசலில் புதுமுகம் நிற்கும். அதோடு அந்த ஊதிய பாக்கி ஒருநாள் முதன்மை வேலையளிப்பவரின் தலையில் விழும்.

முகமையின் உண்மையான பலன் விலையில் இல்லை, ஆள் மாற்றத்தில் இருக்கிறது. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மாற்று ஆள் அனுப்புவது அவர்கள் பொறுப்பு. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் சரக்கு குவியும்போது நான்கு பேரைக் கூட்டவும் பிறகு குறைக்கவும் முடியும். ஆனால் ஒப்பந்தத்தில் ஆள் எண்ணிக்கை எழுதியிருந்தால் மட்டும் ஆள் வந்துவிடுவதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கின்போது ஜி4எஸ் என்ற பன்னாட்டு நிறுவனம் ஒப்புக்கொண்ட எண்ணிக்கையில் காவலாளரைத் தரமுடியாமல் போக, கடைசி நேரத்தில் பிரிட்டன் அரசு கூடுதலாக 3,500 படைவீரரை அழைக்க நேர்ந்தது. சிறிய ஆலைக்கு அழைக்கப் படை எதுவும் இல்லை.

தெரிந்தவரும் தெரியாதவரும்

சொந்தக் காவலாளர் பெரும்பாலும் பக்கத்து ஊர்க்காரர். எந்த வேனில் எந்த ஊர்ப் பெண்கள் வருவார்கள், எந்த அறையில் என்ன நடக்கிறது, கழிவு மருந்து எங்கே கொட்டப்படுகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. இரவில் ஒரு வாடை வந்தால் அது வழக்கமானதா இல்லையா என்று அவரால் சொல்லமுடியும். தீபாவளி முடிந்து ஆலை பூட்டியிருக்கும் வாரங்களிலும் பங்குனிப் பொங்கல் விடுமுறையிலும் ஆலை உயிரோடு இருப்பது அவரை நம்பித்தான்.

ஆனால் வாசலில் வந்து நிற்பவர் அவருக்குச் சித்தப்பா முறையாகவோ மருமகள் முறையாகவோ இருப்பார். “ஒரு நாள்தானே அண்ணே, பிள்ளையை வீட்டில் விட ஆளில்லை” என்று குழந்தையோடு வருபவரை அவர் திருப்பி அனுப்புவாரா? முதலாளி வீட்டுப் பையன் கைபேசியோடு உள்ளே போனால் அவரால் தடுக்க முடியுமா? முகமைக் காவலாளருக்கு இந்த உறவுக் கட்டு இல்லை. அவர் மறுக்கலாம், சம்பளம் தருபவர் வேறொருவர். எனினும் முகமை தன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுவதை எண்ணி அவரை அடக்கி வாசிக்கச் சொல்லவும் கூடும்.

உரிமதாரர் ஆலையை அறை அறையாகப் பிரித்து வேறு ஆட்களுக்கு உள்குத்தகைக்கு விடும்போது இது இன்னும் மோசமாகிறது. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்த விபத்துக்குப் பின்னர், அந்த ஆலை அவ்வாறு சட்டவிரோதமாகக் கைமாறியிருந்தது வெளியே வந்தது. அத்தகைய இடத்தில் பல குத்தகைதாரர்களின் ஆட்கள் ஒரே வாசல் வழியாக வருகிறார்கள். காவலாளர் யாருக்குக் கட்டுப்பட்டவர், யாருடைய எண்ணிக்கையைக் காப்பவர்? சொந்தக் காவல், முகமைக் காவல் என்ற பிரிவே அங்கே அர்த்தம் இழக்கிறது.

கலப்பு ஏற்பாடு

பகல் வாசலில் சொந்த ஆளும், இரவுச் சுற்றுக்கும் வேலியோரத்துக்கும் முகமை ஆட்களும் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. அப்படிச் செய்தாலும், யாரை உள்ளே விடக்கூடாது என்பதை உரிமதாரர் கையெழுத்திட்டு எழுத்தில் கொடுக்கவேண்டும். காவலாளர் போர்மேனுக்குக் கட்டுப்பட்டவராக இல்லாமல் நேரடியாக உரிமதாரரிடம் சொல்லக்கூடியவராக இருக்கவேண்டும். உற்பத்தி கூடவேண்டும் என்று அவசரப்படும் ஒருவரின் கீழ், ஆளை நிறுத்தவேண்டிய ஒருவரை வைப்பது பயன் தராது. முகமை ஒப்பந்தத்தில், முன்னறிவிப்பு இல்லாமல் ஆளை மாற்றக்கூடாது என்பதையும் புதியவர் பழையவரோடு சில நாள் நின்ற பிறகே தனியாகப் பொறுப்பேற்கவேண்டும் என்பதையும் சேர்க்கலாம். வருகைப் பதிவேடு வாசலிலேயே, அறைகளிலிருந்து தள்ளி இருக்கவேண்டும். அறைகளோடு எரிந்துபோன பதிவேட்டை வைத்து யாரையும் தேட முடியாது.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு கலந்த பட்டாசுகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பிறகு, எந்த வேதிப்பொருள் எந்த நாளில் உள்ளே வந்தது என்ற வாசல் குறிப்பு ஆலைக்கு ஆதரவான சான்றாகவும் எதிரான சான்றாகவும் அமையக்கூடியதாகிவிட்டது. அதை எழுதுபவர் எழுதத் தெரிந்தவராகவும், திருத்தி எழுதச் சொன்னால் மறுப்பவராகவும் இருக்கவேண்டும்.

இந்த இரு வழிகளுக்கும் அப்பால் வேறு அமைப்புகளும் உண்டு. மகாராட்டிரத்தில் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த வாரியங்கள் காவலாளரைப் பதிவு செய்து, நிறுவனங்களுக்கு அனுப்பி, ஊதியத்தையும் வைப்பு நிதியையும் தம் வழியாகவே வழங்குகின்றன. தமிழ்நாட்டில் 1986-இல் தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ, பெரும்பாலும் அரசு அலுவலகங்களுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் முன்னாள் படைவீரரைக் காவலுக்கு அனுப்புகிறது. நான்கு பேரைத் தனியாக அமர்த்த இயலாத சிறிய டி.ஆர்.ஓ. உரிம ஆலைகள், அடுத்தடுத்து இருக்கும் இடங்களில், இரவுச் சுற்றை மட்டும் கூட்டாக ஏற்பாடு செய்துகொள்ள வாய்ப்பிருக்கிறது. உரிமங்கள் தனித்தனி என்பதால் வாசல் பதிவேடும் சாவியும் ஒவ்வோர் ஆலைக்கும் தனியாகவே இருக்கவேண்டும்.