உங்களுக்குத் தெரியுமா? தினைப்புனத்துக் காதல் பாட்டு

பாடாலூர்ப் பக்கம் திருவிழாவுக்கு ‘வள்ளி திருமணம்’ வைத்தால், கூட்டம் கலையாமல் காத்திருப்பது வேலனும் வள்ளியும் மோதும் தர்க்கத்துக்குத்தான். நாடகம் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதியது. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே நடக்கும் வழக்காடல் பெரும்பாலும் அந்த மேடையிலேயே முளைப்பது. வேலன் வம்பாய் ஒன்று கேட்பார். வள்ளி தினைப்புனத்துப் பரண்மேல் நின்றபடி மடக்குவாள். ஆர்மோனியக்காரர் பின்பாட்டும் பாடி, இடையில் ஒரு கேலியையும் செருகுவார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கவேண்டுமே, ஐந்து கட்டைச் சுருதியில் பாடினார்கள். காதலைக் கிசுகிசுக்க வழியே இல்லை! இப்படி உச்சத்தில் பாடிப் பேர்பெற்ற எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1926-இல் கொழும்பு மேடையில் ஜோடி சேர்ந்தார்கள். மறு ஆண்டே நிஜத்திலும் திருமணம்.